கைதுன்னா முதலில் அந்தத் தாளைக் கேளுங்க

மறியலுக்குப் போனால் கல்யாண மண்டபத்தில் உட்காரவைத்து, சாயங்காலம் விட்டுவிடுவார்கள். அது நமக்குப் பழகினதுதான். ஒருத்தரை மட்டும் வீட்டிலிருந்து கூட்டிப்போவது வேற கதை. "சும்மா ஸ்டேஷன் வரைக்கும் வாங்க" என்றால், விசாரணையா கைதா என்று வாசலிலேயே கேட்டுவிடுங்கள்.

கைது என்றால் அரெஸ்ட் மெமோ எழுதியாக வேண்டும். வீட்டு ஆளோ, ஊரில் மதிப்பான ஒருவரோ அதில் சாட்சிக் கையெழுத்துப் போடணும், கைதானவரும் போடணும். டி.கே. பாசு வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் வகுத்த விதி இது. இப்போது பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 36ஆம் பிரிவிலும் இருக்கிறது. நான் இந்தத் தாளையே பிடித்துக்கொண்டு நிற்பதற்குக் காரணம், அதில் ஏறும் தேதியும் நேரமும்தான். பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்ட்ரேட் முன்னால் நிறுத்தணும் என்கிறது அரசியல் சட்டத்தின் 22ஆவது பிரிவு. நேரமே எழுதாவிட்டால் எங்கிருந்து எண்ணுவது? கைதுக்குக் காரணம் சொல்லணும், வக்கீலைப் பார்க்க விடணும் என்பதும் அதே பிரிவுதான். எழுதாத வெள்ளைத் தாளில் மட்டும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

குண்டர் சட்டம் என்றால் இந்த 24 மணி நேரக் கணக்கு செல்லாது. 2023 நவம்பரில், செய்யாறு சிப்காட் விரிவாக்கத்தை எதிர்த்த மேல்மா பகுதி விவசாயிகள் 7 பேர் மீது அது பாய்ந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அப்போதும் காரணத்தை எழுத்தில் தரணும். அதை எதிர்த்து அரசுக்கு முறையீடு அனுப்பலாம். உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுவும் போடலாம். எதிர்ப்பு கிளம்பியதும், அந்த 7 பேரில் 6 பேர் மீதான உத்தரவை அரசே சில நாளில் விலக்கிக்கொண்டது.

வக்கீலுக்குக் காசில்லையே என்று தயங்க வேண்டாம். காவலில் இருப்பவருக்கு, வருமானம் பார்க்காமல், சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துத் தரும். 15100க்குப் போன் போடுங்கள்.