களையிலிருந்து நீர் உரம்
வடமதுரைப் பகுதிக் குடியானவர்களுக்கு ஒரு யோசனை

பயிர்த்தொழிலில் களையெடுப்பிற்குச் செல்லும் கூலி சிறிதன்று. அக்கூலியைக் கொடுத்துப் பிடுங்கிய களையைக் குடியானவர்களில் பலர் வரப்பின்மேல் எறிந்துவிடுகின்றனர். அது அங்கேயே காய்ந்து, விதை சிந்தி, அடுத்த மழைக்கு மறுபடியும் வயலில் முளைக்கின்றது. களை நிலத்திலிருந்து உறிஞ்சிய சத்தும் பயிருக்குத் திரும்புவதில்லை. ஆகவே ஒரே களையினால் இருமுறை நஷ்டம் நேருகிறது. களையைப் பூப்பதற்கு முன்னரே பிடுங்கித் தண்ணீரில் ஊறவைத்து நீர் உரமாக்கிக்கொண்டால், இவ்விருவகை நஷ்டத்தையும் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

சௌந்தரராஜப் பெருமாள் கோயிலால் பெயர் பெற்ற வடமதுரை, திண்டுக்கல் ஜில்லாவின் வேடசந்தூர் தாலுகாவைச் சேர்ந்தது. இப்பகுதியின் நிலம் பெரும்பாலும் செம்மண். மக்கிய பொருள் குறைந்தது. கிணற்றுப் பாசனத்தில் தக்காளி முதலிய காய்கறிகளும், மானாவாரியில் சோளம், நிலக்கடலை முதலியனவும் பயிராகின்றன. அடுத்துள்ள அய்யலூர் தக்காளிச் சந்தைக்குப் பெயர் பெற்றது. வடகிழக்குப் பருவமழை தொடங்கிய இரண்டு மூன்று வாரங்களில் சாரணை, குப்பைமேனி, துத்தி, பண்ணைக்கீரை, நாயுருவி, தும்பை, மூக்கிரட்டை முதலியவை தோட்டங்களில் அடர்ந்து எழும்புகின்றன. புறம்போக்கிலும் சாலையோரத்திலும் எருக்கு, ஆவாரை, கொளுஞ்சி ஆகியவை எளிதில் கிடைக்கும். இவற்றுள் கொளுஞ்சி அவரையினத்தைச் சேர்ந்து, காற்றிலுள்ள தழைச்சத்தை வேர்முடிச்சுகளின் வழியே சேர்த்துக்கொள்வதாகையால் மிகவும் விரும்பத்தக்கது.

பழைய வழக்கமும் புதிய முயற்சியும்

நீர் உரம் நம் நாட்டிற்குப் புதியதன்று. சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டவராகக் கருதப்படும் சுரபாலர் இயற்றிய விருக்ஷாயுர்வேதம் என்னும் வடமொழி நூலில், பொருள்களை நீரில் காய்ச்சிப் புளிக்கவைத்து மரங்களுக்கு ஊற்றும் குணபஜலம் கூறப்பட்டிருக்கிறது. இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு நகரிலுள்ள போட்லியன் நூல்நிலையத்தில் இருந்த அதன் கைப்பிரதி 1996-ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டு வெளிவந்தது. ஐரோப்பாவிலும் தோட்டக்காரர்கள் காஞ்சொறி இனச் செடியை நீரில் ஊறவைத்துப் பயிர்களுக்கு ஊற்றுவது நெடுநாள் வழக்கம்.

தமிழ்நாட்டில் கொடுமுடி மருத்துவர் கே. நடராஜன் பஞ்சகவ்யத்தைக் குடியானவரிடையே பரப்பினார். வடமதுரைக்கு வடக்கே, கரூர் ஜில்லாவின் கடவூர்ப் பகுதியில் வானகம் என்னும் பண்ணையை நிறுவிய கோ. நம்மாழ்வாரும் (1938–2013) இத்தகைய கரைசல்களை ஊர்தோறும் எடுத்துரைத்தார். ஆனால் அவை சாணத்தையும் கோமியத்தையும் முதலாகக் கொண்டவை. மாடு வைத்திராத குடியானவர் தொகை பெருகிவரும் இக்காலத்தில், களையையே முதலாகக் கொண்ட உரம் அவர்களுக்கு அனுகூலமாகும்.

சத்து நீரில் இறங்கும் விதம்

செடியிலுள்ள சாம்பல் சத்து, அதன் சாற்றில் உப்பாகக் கரைந்து நிற்பது. ஆதலால் தழை நைந்தவுடன் அது விரைவில் நீருக்குள் வந்துவிடும். தழைச்சத்தோ பெரும்பாலும் புரதமாகக் கட்டுண்டிருக்கிறது; நுண்ணுயிர்கள் அழுகச் செய்து அம்மோனியாவாக மாற்றிய பின்னரே பயிருக்கு உதவும். மணிச்சத்து இவ்வுரத்தில் சொற்பமே. ஆகவே ஊறிய நீர் சாம்பல் சத்து மிகுந்தும், தழைச்சத்து நடுத்தரமாகவும், மணிச்சத்து குறைந்தும் இருக்கும் என்று கொள்ளலாம்.

செய்முறை

200 லிட்டர் கொள்ளும் பீப்பாய் ஒன்றை நிழலில் வைக்கவேண்டும். பூக்காத இளங்களை 20 கிலோவை மண் உதறி, விரலளவு துண்டுகளாக நறுக்கி, பழைய சாக்கில் கட்டி உள்ளே இட்டு, மிதவாதபடி கல்லை ஏற்றவேண்டும். பின்பு 150 லிட்டர் தண்ணீர் ஊற்றலாம். உவர் நீர் கூடாது. கிடைக்குமாயின் இரண்டு மூன்று கிலோ புதுச் சாணத்தைக் கரைத்துவிட்டால் அழுகல் விரைவில் தொடங்கும்.

பீப்பாயின் வாயை நெருக்கமான துணியால் கட்டி, அதன்மேல் பலகையைத் தளர வைக்கவேண்டும். காற்றுப் புகாமல் இறுக மூடினால் உள்ளே உண்டாகும் வாயு பீப்பாயை வெடிக்கச் செய்யலாம். முழுதும் திறந்து வைத்தாலோ அம்மோனியா காற்றில் கலந்து வீணாவதுடன், கொசுவும் முட்டையிடும். இரண்டு நாளுக்கு ஒருமுறை கோலால் கலக்கினால் போதும். நம் நாட்டு வெப்பத்தில் பத்து முதல் பதினைந்து நாளில் நுரை அடங்கி, நீர் கருமை கலந்த பழுப்பு நிறம் அடையும். அதுவே பக்குவம்.

சாம்பலையோ சுண்ணாம்பையோ பீப்பாயில் சேர்க்கும் வழக்கம் தவறானது. அவற்றின் காரத்தன்மை அம்மோனியாவை வெளியேற்றிவிடும். சாம்பல் இடவேண்டுமாயின் நிலத்தில் தனியே இடுவது நலம்.

உபயோகிக்கும் முறை

வடித்த நீர் ஒரு பங்குக்குத் தண்ணீர் பத்துப் பங்கு கலக்கவேண்டும். நாற்றுகளுக்கு இருபது பங்கு. முதலில் நிலத்தை நனைத்துவிட்டு, மாலை வேளையில் செடிக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை வேரடியில் ஊற்றலாம். பத்து அல்லது பதினைந்து நாளுக்கு ஒருமுறை போதுமானது. கலக்காத நீரை ஊற்றினால் வேர் கருகும். பச்சையாக உண்ணும் கீரை, காய்களின்மேல் இதனைத் தெளிக்கலாகாது. சாணம் கலந்திருப்பின் நோய்க்கிருமிகள் ஒட்டியிருக்கக்கூடும்.

சாக்கில் எஞ்சும் சக்கையை எறிந்துவிடக் கூடாது. ஆல்பர்ட் ஹோவர்ட் 1924 முதல் 1931 வரை இந்தூரில் நடத்திய ஆராய்ச்சிகளில், பண்ணைக் கழிவு முழுவதையும் கம்போஸ்டு எருவாக மாற்றும் முறையை வகுத்துக் காட்டினார். அவ்விதமே இச்சக்கையையும் சருகுடன் கலந்து எருக்குழியில் அடுக்கினால், நீரில் இறங்காத சத்தும் செம்மண்ணுக்கு மிகவும் தேவையான மக்கும் நிலத்தைச் சேரும்.

சேர்க்கத் தகாதவை

முதலாவது, களைக்கொல்லி தெளித்த களை. 2,4-டி முதலிய மருந்துகளுக்குத் தக்காளியும் பருத்தியும் மிகச் சிறிதளவிலேயே சுருண்டு கெடும். அண்டை வயலிலிருந்து தழை கொண்டுவருவோர் இதை விசாரித்துக்கொள்வது அவசியம்.

இரண்டாவது, விதை முற்றிய களை. பத்து நாள் ஊறலில் எல்லா விதைகளும் சாகும் என்று நம்பலாகாது.

மூன்றாவது, கோரைக்கிழங்கும் அருகம்புல்லின் வேர்த்தண்டும். இவற்றின் தழையை மட்டும் அறுத்து இட்டு, அடிப்பாகத்தை வெயிலில் நன்கு உலர்த்தி அழித்துவிடவேண்டும்.

பார்த்தீனியத்தைப் பற்றித் தனியே கூறவேண்டும். 1955-ஆம் ஆண்டில் பூனாவில் கண்டறியப்பட்டு, பின்பு நாடெங்கும் பரவிய இக்களை, ஒரு செடிக்குப் பதினாயிரத்திற்கும் மேற்பட்ட விதைகளைச் சிந்தவல்லது. பலருக்குத் தோல் அரிப்பையும் மூச்சுத் தொல்லையையும் உண்டாக்கும். பூக்குமுன் கையுறையணிந்து பிடுங்கி இதனையும் மக்கச் செய்யலாம். ஆனால் இதிலுள்ள ஒருவகை நஞ்சு விதை முளைப்பைத் தடுப்பதால், இதை நீர் உரத்தில் சேர்க்காமல் எருக்குழிக்கே அனுப்புவது உத்தமம். எருக்கை நறுக்கும்போது பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளவேண்டும்.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

நீர் உரத்தைப் பற்றி மிகைப்படக் கூறுவோர் உளர். கணக்கைப் பார்ப்பதே நல்லது. பச்சைக் களை 100 கிலோவில் 85 கிலோ தண்ணீரே. எஞ்சிய 15 கிலோவில் தழைச்சத்து நூற்றுக்கு இரண்டு அல்லது மூன்று பங்கு, அதாவது 300 முதல் 450 கிராம் வரை இருக்கும். இது ஒரு கிலோவுக்கு உட்பட்ட யூரியாவிலுள்ள அளவாகும். அதிலும் முழுவதும் நீரில் இறங்குவதில்லை. ஓர் ஏக்கர் தக்காளிக்கு வேண்டிய ஐம்பது, அறுபது கிலோ தழைச்சத்தை இதனாலேயே கொடுப்பதானால் பதினைந்து டன்னுக்குக் குறையாத களை தேவைப்படும். அது நடவாத காரியம்.

ஆகையால் தொழுவுரத்திற்கும் தழையுரத்திற்கும், மண் பரிசோதனையின்படி இடவேண்டிய உரங்களுக்கும் பதிலாக இதனைக் கொள்ளலாகாது. நாற்றங்கால், வீட்டுத் தோட்டம், இளம் முருங்கை, பூச்செடி முதலிய சிறு பரப்புகளுக்கும், வாடித் தேறும் பயிருக்குத் துணையுரமாகவும் இது ஏற்றது. பூச்சிகளை ஒழிக்கும் என்று நம்பி மற்றப் பாதுகாப்புகளைக் கைவிடுவதும் சரியன்று.

பலனை அறிய விரும்பும் குடியானவர், ஒரே சமயத்தில் நட்ட நான்கு வரிசைகளை எடுத்துக்கொண்டு, இரண்டு வரிசைக்கு நீர் உரமும் மற்ற இரண்டுக்கு அதே அளவு வெறுந்தண்ணீரும் ஊற்றி, காய்களைத் தனித்தனியே நிறுத்துப் பார்ப்பாராக. ஐயங்களைக் காந்திகிராமத்திலுள்ள வேளாண்மை அறிவியல் நிலையத்தில் கேட்டுத் தெளியலாம்.

கிராம அதிகாரிகள் கவனத்திற்கு

ஒருவர் தம் வயலைச் சுத்தமாக வைத்திருந்தும், பக்கத்துப் புறம்போக்கிலும் வாய்க்கால் கரையிலும் களை பூத்து நிற்குமாயின் அவர் உழைப்பு வீணாகும். ஐப்பசி மழைக்குப்பின், களை பூப்பதற்கு முன்னர், ஊரார் கூடி ஒரே வாரத்தில் பொது நிலங்களின் களையைப் பிடுங்கும்படி கிராம நிர்வாக அதிகாரிகளும் பஞ்சாயத்து அதிகாரிகளும் ஏற்பாடு செய்தல் நன்று. பீப்பாய்களின் வாய் துணியால் கட்டப்பட்டிருக்கின்றனவா என்பதையும் அப்போதே பார்வையிடலாம். பிடுங்கிய களையைச் சாலையோரத்தில் குவித்துக் கொளுத்தாமல் அருகிலுள்ள தோட்டக்காரருக்குக் கொடுத்துவிட்டால், ஊரும் சுத்தமாகும். அடுத்த பருவத்தில் களையெடுக்கும் கூலியும் குறையும்.