லாரியின் பிரேக்கும் தொழிலாளியின் வியர்வையும்

மயிலாடி என்றதும் உளியோசையே நம் நினைவிற்கு வருகிறது. இங்கே கருங்கல்லில் வடிக்கப்பெறும் சிலைகள் தொலைதூர ஊர்களுக்கும் செல்கின்றன. சிற்பியின் கைவண்ணத்தைப் போற்றுகிறோம். கல்லைச் சுமந்து வரும் லாரியையோ நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒரு கன மீட்டர் கருங்கல் ஏறக்குறைய 2.7 டன் எடையுள்ளது. அத்தகைய பாறைகளை ஏற்றிய லாரி ஓடுவது வியப்பன்று. வேண்டிய இடத்தில் நிற்பதே வியப்பு.

அதனை நிறுத்துவது பிரேக். அந்தப் பிரேக்கைப் புதுப்பிக்கும் வேலையை, நெடுஞ்சாலையோரப் பட்டறை ஒன்றில் அரை நாள் அருகிருந்து கண்டோம். வண்டியை ஜாக்கியால் உயர்த்திக் கட்டை கொடுக்கிறார்கள். சக்கரங்களைக் கழற்றிய பின், பளுவான இரும்பு டிரம்மை இருவர் மூச்சுப் பிடித்து இறக்குகிறார்கள். உள்ளே பிறை வடிவில் இரண்டு ஷூக்கள். அவற்றின்மேல் தேய்ந்துபோன லைனிங். பழைய ரிவெட்டுகளைத் தட்டியெடுத்துப் புதிய லைனிங்கைப் பொருத்த வேண்டும். ஆறு சக்கர லாரிக்கு நான்கு டிரம்கள், எட்டு ஷூக்கள். டிரம்மில் வரிப்பள்ளம் விழுந்திருந்தால் கடைசல் பட்டறைக்கு அனுப்ப வேண்டும். ஆயில் சீல் கசிந்து லைனிங்கில் கிரீஸ் படிந்திருந்தால், லைனிங் தேயாதிருந்தாலும் அதை மாற்றியே ஆகவேண்டும்.

ஆகவே செலவென்பது லைனிங்கின் விலை மட்டுமன்று. ரிவெட், சீல், கிரீஸ், கடைசல் கூலி, ஆள் கூலி எல்லாம் சேரும். வண்டி ஓடாத நாளின் வருமான இழப்பும் உண்டு. கடன் தவணையோ வண்டி நின்றாலும் நிற்பதில்லை. ஒரே லாரியை நம்பிப் பிழைக்கும் உரிமையாளர் ஒருவர், ஒரு பக்கத்திற்கு மட்டும் மாற்றினால் போதாதா என்று அன்று மன்றாடினார். மெக்கானிக் தலையசைத்தார்: “ஒரு பக்கம் மட்டும் மாத்தினா பிரேக் பிடிக்கையில வண்டி ஒரு பக்கமா இழுக்கும் அண்ணாச்சி. எனக்கு மனசு வராது.”

அச்சொல்லின் மதிப்பை மலைச்சாலையில்தான் அறியலாம். மயிலாடிச் சிலையை இறக்கிவிட்டுப் பெங்களூரிலிருந்து வேறு சரக்குடன் சேலம் நோக்கித் திரும்பும் லாரி, தருமபுரி மாவட்டத்துத் தொப்பூர்க் கணவாயில் நெடிய இறக்கத்தைக் கடக்கிறது. டீசலை மிச்சப்படுத்தக் கியரை நியூட்ரலில் போட்டு இறங்குவோர் உண்டு. அப்போது எஞ்சினின் தடை இல்லாமற்போக, முழுச் சுமையும் பிரேக்கின்மேல் விழுகிறது. ஓயாத உராய்வால் டிரம் சூடேறி விரிகிறது. லைனிங்கின் பிடிப்புக் குறைகிறது. மிதித்தும் வண்டி நிற்பதில்லை. 2024 ஜனவரியில் அக்கணவாயில் கட்டுப்பாட்டை இழந்த லாரி மோதியதில் நால்வர் மாண்டனர். வேகம் இருமடங்கானால் பிரேக் தாங்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகும் என்பதை ஓட்டுநர் மறத்தலாகாது.

சாலையில் செல்வோரின் உயிரைக் காக்கும் அத்தொழிலாளியின் உயிரை யார் காப்பது? காற்றுப் பிரேக்கின் பின்பக்கச் சேம்பரில் வலிய சுருள்வில் ஒன்று அடங்கியிருக்கிறது. அதனை முறைப்படிப் பூட்டாமல் திறந்தால் ஆளையே கொல்லும். டிரம்மிலுள்ள தூசியைக் காற்றுக் குழாயால் ஊதித் தள்ளும் பழக்கமும் தீது. பழைய லைனிங்குகள் பலவற்றில் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், கலந்திருந்தது. அந்நுண்ணிழை நுரையீரலில் புகுந்தால் நோய் பல்லாண்டுகள் கழித்தே தலைகாட்டும். இதனாலன்றோ உச்ச நீதிமன்றம் 1995ஆம் ஆண்டுத் தீர்ப்பில், ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளரின் உடல்நலப் பதிவேட்டைக் குறைந்தது 40 ஆண்டுகள் பேணுமாறு பணித்தது! சாலையோரப் பட்டறைச் சிறுவனுக்கோ பதிவேடும் இல்லை, முகக்கவசமும் இல்லை. ஈரத்துணியால் துடைத்தெடுத்தால் தூசி பறவாது. அதற்குச் செலவும் மிகுதியன்று.

லாரி வைத்திருக்கும் அன்பர்களே, பிரேக் வேலையில் பேரம் பேசுமுன் ஒரு கணம் எண்ணுங்கள். நீங்கள் குறைக்க முயல்வது வெறும் கூலியையன்று. எதிரே வரும் குடும்பத்தின் பாதுகாப்பையே. தூசியில் குனிந்து உழைப்பவருக்கு உரிய கூலியையும், முகத்திற்கு ஒரு கவசத்தையும் மனமுவந்து அளிப்போமாக.