போர்டில் உள்ள பத்து வேலையில் உங்கள் வேலை எது?

டோல்கேட்டிலிருந்து திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் வடக்கே போனால் பைக் பட்டறைகளின் போர்டுகளைப் படித்துக்கொண்டே போகலாம். ‘எல்லா டூவீலரும் ரிப்பேர் செய்யப்படும்’ என்பதற்குக் கீழே வாட்டர் வாஷ், பஞ்சர், பேட்டரி, ஸ்டிக்கர், இன்சூரன்ஸ் என்று நெருக்கி எழுதியிருப்பார்கள். வந்த கிராக்கியைத் திருப்பி அனுப்பிவிடக் கூடாதே என்ற பயம். கடை வாடகையும் பையன்கள் சம்பளமும் மாதம் தவறாமல் வந்து நிற்கும்போது அது நியாயமான பயம்தான். ஆனாலும் கடையை வளரவிடாமல் பிடித்துவைப்பது அந்தப் பயமே என்று நினைக்கிறேன்.

இதற்குப் பெரிய சாட்சி திருவொற்றியூரிலேயே இருக்கிறது. 1955-ல் புல்லட்டுக்காக இங்கே தொடங்கிய என்ஃபீல்டு கம்பெனி, 1994-ல் ஐஷர் குழுமத்தின் கைக்குப் போனது. விற்றுவிடலாமா, மூடிவிடலாமா என்று பேச்சு நடந்த நேரத்தில், 2000-ல், சித்தார்த்த லால் பொறுப்பேற்றார். வயது 26. பிறகு அவர் குழுமத்துக்கே தலைமையேற்றபோது டிராக்டர், லாரி, செருப்பு, ஆயத்த ஆடை என்று கையில் சுமார் 15 தொழில்கள். லாரி, மோட்டார் சைக்கிள் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் விட்டார். இந்தியாவில் ஐஷர் என்ற பெயரே டிராக்டரோடு வந்தது. அதையும் 2005-ல் சென்னையின் டாஃபேவுக்கு விற்றார். ஐஷர் டிராக்டர் இன்றும் வயலில் ஓடுகிறது, டாஃபே தயாரிக்கிறது. புல்லட் எப்படி ஓடுகிறது என்று சொல்லவே வேண்டாம்.

பட்டறைக்காரர் எதை வைத்துக்கொள்வது? ஒரு மாதம் நோட்டு போடுங்கள். ஒவ்வொரு வண்டிக்கும் என்ன வேலை, எவ்வளவு நேரம், ஸ்பேர் காசு போக நின்ற கூலி என்ன, அதே கோளாறோடு வண்டி திரும்பி வந்ததா என்று எழுதுங்கள். இன்ஜின் வேலைக்கு ஐந்து மணி நேரத்தில் 2,500 ரூபாய் நின்றால் மணிக்கு 500. வாட்டர் வாஷுக்கு 100 ரூபாய் வாங்கி, தண்ணீர், ஷாம்புக்கு 25 போய், முக்கால் மணி நேரம் பிடித்தால் மணிக்கு 100.

நோட்டில் ஏறாத நஷ்டம் ஒன்றும் உண்டு. இன்ஜினைப் பிரித்து, வால்வும் போல்ட்டும் ட்ரேயில் வரிசையாக வைத்திருக்கும் நேரத்தில் பஞ்சருக்கு ஒருவர் வந்து ஹாரன் அடிப்பார். எழுந்து போய்விட்டுத் திரும்பி உட்காரும்போது எதை இறுக்கினோம், எதை விட்டோம் என்ற கணக்கு தப்பும். பத்து நாளில் அந்த வண்டி ஆயில் ஒழுகிக்கொண்டு திரும்பி வரும். இரண்டாவது தடவைக்குக் கூலி கேட்க முடியாது.

கூலி குறைவு என்பதற்காக எல்லாவற்றையும் வெட்டிவிடவும் கூடாது. ஆயில் மாற்றுவதில் பெரிதாக நிற்காது. ஆனால் ஆயில் மாற்ற வருபவர்தான் பிறகு கிளட்ச் பிளேட்டுக்கும் வருவார். அதை வைத்துக்கொள்ளுங்கள்.

மிச்சமாகும் காசுக்கும் வேலை இருக்கிறது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்த பிறகு பெரும்பாலான வண்டிகளில் கார்புரேட்டர் போய் ஃபியூவல் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. ஸ்கேனர் இல்லாமல் பல கோளாறுகளைக் கண்டுபிடிக்க முடியாது. வாட்டர் வாஷ் மோட்டாருக்கும் ஸ்டிக்கர் சரக்குக்கும் காசைப் பிரித்துப் போட்டவர் ஸ்கேனர் வாங்குவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பார்.

விடுகிற வேலையை ஒரே நாளில் விட வேண்டாம். முதலில் எதிர்க்கடைக்காரரிடம் பேசுங்கள். “அண்ணே, பஞ்சரெல்லாம் இனிமே உங்ககிட்ட அனுப்புறேன். இன்ஜின் வேலை வந்தா எனக்குத் தள்ளிவிடுங்க.” வாட்டர் வாஷ் பார்த்த பையனுக்கு வேறு வேலை கற்றுக்கொடுத்த பிறகு அதை நிறுத்துங்கள்.

வேலையைக் குறைக்கலாம், வாடிக்கையை ஒரே இடமாகக் குறைத்துவிடாதீர்கள். டெலிவரி கம்பெனி ஒன்று ஐம்பது வண்டியை மாதக் கணக்கில் விடுகிறேன் என்றால் ஆசையாகத்தான் இருக்கும். இரண்டு மாதப் பாக்கி நின்றால் ஸ்பேர் கடைக்காரருக்கு யார் பதில் சொல்வது? அந்த வண்டிகளுக்கு ஸ்பேர் காசை முன்பணமாக வாங்கிக்கொண்டு, கூலியை மட்டும் கணக்கில் வையுங்கள்.