எருவுக்கும் அளவு உண்டு

நிலத்திலிருந்து எடுத்த சத்தை நிலத்துக்கே திருப்பித் தருவது நம் முன்னோர் கண்ட முறை. 1824-ஆம் ஆண்டு தொடங்கிய மத்திகிரிக் கால்நடைப் பண்ணையை உடைய ஓசூர் வட்டாரத்தில் எருவின் அருமையை எவருக்கும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆயினும் அதன் அளவைக் குறித்துச் சிறிது கூறவேண்டியிருக்கிறது.

ஏக்கருக்கு 5 டன் தொழு எரு இடுவது வழக்கம். அதில் சுமார் 25 கிலோ தழைச்சத்தும் 10 கிலோ மணிச்சத்தும் உண்டு. இக்காலத்தில் தக்காளி, முட்டைக்கோசு, ரோஜா ஆகியவற்றுக்குக் கோழி எருவும் இடப்படுகிறது. எரு மாறியும் பாரக் கணக்கு மாறாதிருப்பதே தவறு. கோழி எருவில் நூற்றுக்குச் சுமார் 3 பங்கு தழைச்சத்தும், 2½ பங்குக்கு மேல் மணிச்சத்தும் இருப்பதால், அதே 5 டன்னில் 150 கிலோ தழைச்சத்தும் ஏறக்குறைய 130 கிலோ மணிச்சத்தும் நிலத்தில் சேர்கின்றன.

பயிர் உண்டது போக எஞ்சிய தழைச்சத்து நைட்ரேட்டாக மாறி, மழைநீருடன் இறங்கி, பாறை வெடிப்புகளின் வழியே கிணற்றை அடைகிறது. குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருத்தலாகாது என்பது இந்தியத் தர நிர்ணயம். அதற்கு மிகுந்த நீரில் பால்மாவைக் கரைத்து ஊட்டினால், கைக்குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றல் குன்றி, உடல் நீலம் பாரிக்கக் கூடும். நீரைக் காய்ச்சினாலும் நைட்ரேட் நீங்காது. நீர் சுண்டுவதால் அதன் செறிவே மிகும்.

மணிச்சத்தோ மண்ணைப் பற்றி நின்று, மண் அரிக்கப்படும்போது ஏரியிற் சேர்ந்து பாசியை வளர்க்கிறது. பெங்களூர்க் கழிவுநீரால் கெலவரப்பள்ளி அணை ஏற்கெனவே கெட்டிருக்கிறது. நம் வயல்களும் அதற்குத் துணைபோகலாகாது.

ஆகவே விவசாயிகள் கைக்கொள்ள வேண்டியவை:

1. மண்ணைப் பரிசோதித்த பின்பே எருவின் அளவைத் தீர்மானிக்க வேண்டும். 1 டன் கோழி எருவின் தழைச்சத்து 5 டன் தொழு எருவுக்குக் குறையாது. அதைக் கணக்கிட்டு யூரியாவையும் குறைத்துக்கொள்ளலாம்.

2. கோழி எருவை வைக்கோல் அல்லது தென்னை நார்க்கழிவுடன் கலந்து மக்கவைத்து இடுதல் நலம். மூக்கைத் துளைக்கும் நெடி, தழைச்சத்து காற்றிற் போவதற்கு அடையாளம்.

3. குவியலைக் கிணற்றுக்கும் ஓடைக்கும் எட்ட, மேட்டில் வைத்து மூடவேண்டும்.

4. பெருமழைக்கு முன் எரு இடாமல், இட்ட அன்றே உழுது மூடவேண்டும்.

கிராம அதிகாரிகள் மழைக்கு முன்னும் பின்னும் பொதுக் கிணற்று நீரைப் பரிசோதனைக்கு அனுப்பிவைப்பார்களாயின் ஊருக்குப் பேருதவியாகும். எரு வயலில் நின்றால் செல்வம். கிணற்றில் இறங்கினால் நஞ்சு.