சக்கரத்தின் மேல் ஒரு வீடு

வல்லிபுரக் கோயில் திருவிழாவுக்குக் கூடாரமிட்ட மாட்டுவண்டியிற் சென்ற காலம் ஒன்றிருந்தது. பானை சட்டி, அரிசி, பாய் யாவும் வண்டியிலேயே இருக்கும். வழியில் மரநிழல் கண்ட இடம் அன்றைய வீடு. அதே எண்ணத்தை மோட்டார் வண்டியில் ஏற்றியவர்கள் மேனாட்டார். படுக்கை, அடுப்பு, நீர்த்தொட்டி ஆகியன பொருத்திய வண்டிகள் அங்கே நெடுங்காலமாக ஓடுகின்றன. ஜேர்மனியில் வொக்ஸ்வாகன் நிறுவனம் 1950 ஆம் ஆண்டிற் செய்யத் தொடங்கிய சிறு வானொன்று, மறு ஆண்டிலேயே வெஸ்ற்பாலியா என்னும் தொழிலகத்தாரின் கைவண்ணத்தால் நடமாடும் வீடாயிற்று.

அத்தகைய வண்டிகள் பல, 1960களிலும் 1970களிலும் துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக இந்தியா வரை வந்தன. 1979 இல் ஈரானில் நிகழ்ந்த புரட்சியும், அவ்வாண்டின் இறுதியிற் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுட் புகுந்ததும் அப்பெருவழியின் போக்குவரத்தைக் குலைத்தன. வழிகள் மாறின, எல்லையில் எழும் கேள்வி மட்டும் மாறவில்லை.

கடல் சூழ்ந்த நாட்டில் வாழ்பவருக்கு எல்லை என்பது கரை. கண்டத்தில் வாழ்பவருக்கோ அது தெருவின் குறுக்கே கிடக்கும் ஒரு தடைமரம். அம்மரத்தின் முன் வண்டியை நிறுத்தும் பயணி அதனைத் தம் வீடாகக் காண்கிறார். சுங்க உத்தியோகத்தர் அதனை ஒரு பண்டமாகக் காண்கிறார். இவ்விரு பார்வைகளுக்கும் இடையில் உள்ள வேறுபாட்டை உணர்ந்தவருக்கு எல்லைச் சட்டங்கள் யாவும் எளிதில் விளங்கும்.

மோட்டார் வண்டிகளுக்குப் பெருந்தீர்வை விதிக்கும் நாடுகள் பல. வெளிநாட்டு வண்டியொன்று உள்ளே வந்து, இரகசியமாக விற்கப்படுமாயின் அத்தீர்வை அரசுக்குக் கிட்டாது. ஆயினும், சில கிழமைகள் ஊர் பார்க்க வரும் ஒருவரிடம் முழுத் தீர்வையையும் கேட்டால் எவரும் வாரார். இச்சிக்கலைத் தீர்க்கவே தற்காலிக இறக்குமதி என்னும் முறை எழுந்தது. வண்டி வரலாம், ஆனால் குறித்த காலத்துள் திரும்பிச் செல்ல வேண்டும். 1954 ஆம் ஆண்டு நியூயோர்க் நகரில் நிறைவேறிய சுங்க உடன்படிக்கை இம்முறைக்குப் பொது விதிகளை வகுத்தது. இலங்கையும் அதில் இணைந்த நாடுகளுள் ஒன்று.

திரும்பிச் செல்வார் என்பதற்கு உறுதி என்ன? அதற்கெனப் பிறந்ததே 'கார்னே' என்னும் பிரெஞ்சுப் பெயர் பூண்ட சிறு புத்தகம். வண்டியின் கடவுச்சீட்டு என்று அதனைச் சொல்லலாம். பயணியின் நாட்டிலுள்ள மோட்டார்ச் சங்கம் அதனை வழங்கும், ஓராண்டு செல்லுபடியாகும். அதன் ஒவ்வொரு பக்கமும் மூன்று துண்டுகள் கொண்டது. நாட்டினுட் புகும்போது சுங்கத்தார் ஒரு துண்டைக் கிழித்து வைத்துக்கொண்டு, புத்தகத்தில் நிற்கும் அடிக்கட்டையில் முத்திரையிடுவர். வெளியேறும்போது மற்றொரு துண்டைக் கிழித்துக்கொண்டு, அதே அடிக்கட்டையில் இரண்டாம் முத்திரையிடுவர். இரு முத்திரைகளும் சேர்ந்தாலே அந்நாட்டுக் கணக்குத் தீர்ந்தது எனலாம்.

இப்புத்தகத்தின் பின்னே பணம் நிற்கிறது. சங்கம் அதனை வழங்குமுன் பயணியிடம் வைப்புப் பணமோ வங்கி உத்தரவாதமோ பெற்றுக்கொள்ளும். வண்டியின் மதிப்பையும், செல்லவிருக்கும் நாடுகளின் தீர்வை வீதத்தையும் கொண்டு அத்தொகை கணிக்கப்படும். வண்டி வெளியேறாவிடின் அந்நாட்டுச் சுங்கத்தார் சங்கத்திடம் தீர்வையைக் கோருவர். சங்கம் பயணியின் பணத்திலிருந்து அதனை ஈடுசெய்யும்.

ஆகவே, இரவில் எல்லையை அடைந்து, களைப்பினால் இரண்டாம் முத்திரையைப் பெறாமல் விரைந்துவிடும் பயணியின் நிலையை எண்ணிப் பார்க்கலாம். அவர் வீடு சேர்ந்திருப்பார். வண்டியும் வாசலில் நிற்கும். அந்நாட்டின் ஏட்டிலோ வண்டி இன்னும் உள்ளேதான் இருக்கிறது. வண்டி வெளியே உள்ளது என்று உரிய அதிகாரி நேரிற் கண்டு அளிக்கும் சான்றிதழைப் பெற்று அவர் வழக்காட வேண்டியிருக்கும். அரை மணி நேரப் பொறுமை அத்தனை துன்பத்தையும் தவிர்த்திருக்கும்.

இதனினும் பெரிய சோதனைகள் உண்டு. பயணத்தின் நடுவே தாயார் நோயுற்றார் என்று செய்தி வருகிறது. மகன் விமானமேற விரும்புகிறார். சில நாடுகளில் வண்டியின் வரவு அவரது கடவுச்சீட்டிலேயே குறிக்கப்பட்டிருக்கும். வண்டியை விட்டுத் தனியே வெளியேற அங்கு இயலாது. முதலில் சுங்கத்தாரை அணுகி, அவர்கள் பொறுப்பில் வண்டியை வைக்க ஒழுங்கு செய்தல் வேண்டும். விபத்தில் நொறுங்கிய வண்டியையும் தெருவோரம் விட்டுவர முடியாது. அதன் உடைந்த இரும்புக்கும் சுங்கத்தில் கணக்குண்டு. களவு போனால் பொலிசாரின் அறிக்கை இன்றியமையாதது.

எல்லா எல்லைகளும் இங்ஙனம் கடுமையானவை அல்ல. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வாழும் ஒருவர், தம் வண்டியைத் தீர்வையின்றி ஆறு மாதம் வரை அங்கு வைத்துக்கொள்ளலாம். அதற்குக் கார்னே வேண்டியதில்லை. இந்தியா, பாகிஸ்தான், ஈரான் முதலிய நாடுகளில் அப்புத்தகத்துக்கே மதிப்பு.

வண்டியோடு செல்லும் பிற பத்திரங்களும் உள. 1949 ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைப்படி வழங்கப்படும் சர்வதேசச் சாரதி அனுமதிப்பத்திரம் ஓராண்டுக்குரியது. நாட்டைக் காட்டும் எழுத்து வண்டியின் பின்புறத்தில் இருத்தல் வேண்டும். 1972 இல் நாட்டின் ஆங்கிலப் பெயர் சிலோன் என்பதிலிருந்து மாறிய பின்னரும், இலங்கை வண்டிகளுக்குரிய எழுத்துகள் 'சீ.எல்.' என்றே நிலைத்திருப்பது சுவையான செய்தி. பிறருக்கு நேரும் சேதத்துக்கான காப்புறுதியும் வேண்டும். ஐரோப்பாவிலும் அதனையடுத்த சில நாடுகளிலும் 1953 முதல் வழங்கும் பச்சை அட்டை முறை இதற்கு உதவுகிறது. அம்முறை எட்டாத நாடுகளில் எல்லையிலேயே காப்புறுதி வாங்க நேரும்.

வண்டி வீடாகவும் இருப்பதால் அதன் சமையலறையும் சோதனைக்கு உட்படும். ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து இறைச்சியும் பாற்பொருள்களும் கொண்டுவருதற்கு அங்குத் தடையுண்டு. ஈரானில் மதுவுக்குத் தடையுண்டு. உடன் வரும் நாய்க்கு விசர்நாய்க்கடித் தடுப்பூசி ஏற்றி, குறைந்தது 21 நாள் கழிந்த பின்னரே ஐரோப்பிய ஒன்றியம் அதனை ஏற்கும்.

இத்தனையும் கேட்பவருக்கு இது வெறும் காகிதச் சுமையாகத் தோன்றலாம். எனினும், முன்பின் அறியாத ஒருவரைத் தன் வீட்டுடனேயே உள்ளே விடுகிறது ஒரு நாடு. அதற்கு ஈடாக அது கேட்பது, வந்தபடியே திரும்புவேன் என்னும் ஒரு சொல்லை. அச்சொல் காக்கப்பட்டதற்குச் சாட்சி, வெளியேறும் வாயிலில் விழும் அந்த இரண்டாம் முத்திரை. அதனைக் கண்ணாற் பார்த்த பின்னரே வண்டியை நகர்த்துபவர் நல்ல பயணி.