டிவிடி கெடும் முன் ஒரு நகல்

திருமணம், வளைகாப்பு, நாட்டிய அரங்கேற்றம், மணிவிழா ஆகியவற்றின் ஒளிப்பதிவுகள் 2000-க்குப் பிந்தைய பத்துப் பதினைந்து ஆண்டுகளில் தமிழ்நாட்டு வீடுகளுக்குப் பெரும்பாலும் டிவிடி தட்டுகளாகவே வந்து சேர்ந்தன. அதற்கு முன் விஎச்எஸ் கேசட்டில் இருந்தவற்றையும் பலர் டிவிடிக்கு மாற்றிக்கொண்டு கேசட்டைக் கழித்துவிட்டனர். இப்படி ஒற்றைத் தட்டை நம்பி நிற்கும் பதிவுக்கு நகல் எடுப்பது கணினி தெரிந்த எவரும் செய்துவிடக்கூடிய வேலையாகத் தோன்றினாலும், எதை நல்ல நகல் என்பது, அதை எப்போது எடுப்பது என்ற இரண்டு கேள்விகளுக்கும் தட்டின் உள்ளமைப்பை அறியாமல் விடை சொல்ல முடியாது. தொலைக்காட்சியில் படம் தடங்கலின்றி ஓடுகிறது என்பது தட்டு நன்றாக இருப்பதற்குச் சான்று ஆகாது.

120 மில்லிமீட்டர் விட்டமும் 1.2 மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட டிவிடி, தலா 0.6 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரண்டு பாலிகார்பனேட் தகடுகளை ஒட்டி உருவாக்கப்படுகிறது. தரவைத் தாங்கும் அடுக்கு அவ்விரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. சிடியில் இந்த அடுக்கு மேற்புறத்தில், பெயர் அச்சிடப்படும் பூச்சுக்குச் சற்றுக் கீழேயே இருப்பதால் மேற்பக்கக் கீறல் அதற்கு எமனாகும். டிவிடிக்கு அந்த ஆபத்து குறைவு என்றாலும், பெட்டியிலிருந்து எடுக்கும்போது வளைப்பதால் ஒட்டுப்பசை விளிம்பிலிருந்து விடுபடுவது அதற்கே உரிய குறை. சிடியை 780 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு லேசர் படிக்க, டிவிடியை 650 நானோமீட்டர் சிவப்பு லேசர் படிக்கிறது. அலைநீளம் குறைந்ததால் ஒளிப்புள்ளியைச் சிறிதாக்க முடிந்தது. சுருள் தடங்களுக்கு இடையே சிடியில் 1.6 மைக்ரோமீட்டராக இருந்த இடைவெளி டிவிடியில் 0.74 மைக்ரோமீட்டராகச் சுருங்கியது. ஒற்றை அடுக்குத் தட்டில் 4.7 ஜிகாபைட்டும், இரட்டை அடுக்குத் தட்டில் 8.5 ஜிகாபைட்டும் கொள்ளும் நிலை வந்தது.

கடையில் விற்கும் திரைப்பட டிவிடியும் ஸ்டுடியோவில் எழுதித் தரும் திருமண டிவிடியும் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் பொருளால் வேறானவை. முன்னதில் தரவு நுண்குழிகளாக அச்சில் வார்க்கப்படுகிறது. பின்னதில் குழி ஏதும் இல்லை. கரிமச் சாயம் பூசிய ஓர் அடுக்கை லேசர் சுட்டு, சுட்ட இடத்தின் ஒளி எதிரொளிப்பை மாற்றி வைக்கிறது. ஒளியால் மாறும்படி தேர்ந்தெடுக்கப்பட்ட அந்தச் சாயம், எழுதும் வேலை முடிந்த பிறகும் வெயிலுக்கும் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் மெல்ல மெல்ல மாறிக்கொண்டே இருக்கும். அமெரிக்கத் தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவனம் 2003-இல் வெளியிட்ட பராமரிப்பு வழிகாட்டி, இவ்வகைத் தட்டுகளை 4 முதல் 20 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையிலும் 20 முதல் 50 சதவீத ஈரப்பதத்திலும் வைக்கச் சொல்கிறது. சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ ஆண்டின் பெரும்பகுதியில் அலமாரிக்குள் இருக்கும் காற்று இவ்விரு எல்லைகளையும் தாண்டியே நிற்கிறது.

சாயம் இவ்வாறு மங்கினாலும் படம் உடனே கெடுவதில்லை. தரவை எழுதும்போதே பிழைதிருத்தக் குறிகளும் சேர்த்து எழுதப்படுவதுதான் காரணம். டிவிடியில் தரவு 2,048 பைட் கொண்ட பிரிவுகளாக அமைகிறது. இவ்வகைப் பிரிவுகள் 16 சேர்ந்து, தலைப்புத் தகவல்களோடு, 192 வரிசையும் 172 நிரலும் உள்ள ஒரு கட்டமாக அடுக்கப்படுகின்றன. ஒவ்வொரு வரிசையின் கடைசியிலும் 10 பைட்டுகளும், ஒவ்வொரு நிரலின் அடியிலும் 16 பைட்டுகளும் கணித விதிப்படி கணக்கிட்டுச் சேர்க்கப்பட, கட்டம் 208 வரிசையும் 182 நிரலுமாக வளர்கிறது. இதற்குப் பயன்படும் ரீட்-சாலமன் முறை, இர்விங் ரீட், குஸ்டாவ் சாலமன் என்ற இரு கணித அறிஞர்கள் 1960-இல் வெளியிட்டது. ஒரு வரிசையில் ஐந்து பைட்டுகள் வரை தவறாகப் படிக்கப்பட்டாலும், அவை எவை, அவற்றின் சரியான மதிப்பு என்ன என்பதை அந்த வரிசையின் கூடுதல் பைட்டுகளைக் கொண்டே கண்டுபிடித்துவிடலாம். அதற்கு மேல் போனால் அந்த வரிசை முழுவதும் ஐயத்துக்குரியது என்று குறிக்கப்பட்டு, நிரல்வழிக் கணக்கு அதை மீட்கிறது. எந்தெந்த வரிசை பழுது என்று தெரிந்திருக்கும்போது ஒரு கட்டத்தில் 16 வரிசைகள் வரை முற்றாக அழிந்தாலும் மீண்டு வரும். தட்டின் மேல் இது சுருள் தடத்தில் சுமார் 6 மில்லிமீட்டர் நீளத்துக்குச் சமம்.

இந்த ஏற்பாட்டின் வலிமையே பயனரை ஏமாற்றுவதாகவும் அமைகிறது. கேசட் தேயும்போது வண்ணம் வெளிறுவதும் கோடுகள் விழுவதும் கண்ணுக்குத் தெரிந்து எச்சரிக்கை செய்தன. டிவிடியிலோ பிழைகள் எத்தனை பெருகினாலும் திருத்தும் எல்லைக்குள் இருக்கும் வரை வெளிவரும் தரவு முதல் நாளில் எழுதியதற்கு ஒரு பிட்டும் மாறாமல் இருக்கும். எல்லையைத் தாண்டிய கட்டத்தில் 32 கிலோபைட் ஒரேயடியாகப் போய்விடும். தட்டு நலமாக இருக்கிறதா என்பதை அறிய, அடுத்தடுத்த எட்டுக் கட்டங்களில் திருத்த வேண்டியிருந்த வரிசைகளைக் கூட்டிப் பார்க்கிறார்கள். அந்தக் கூட்டுத்தொகை 280-ஐத் தாண்டக் கூடாது என்பது தர வரையறை. இந்த எண்ணிக்கையை வெளியே சொல்லும் டிவிடி ரைட்டர்கள் சிலவே என்பதால் வீட்டில் அதை அளப்பது பெரும்பாலும் இயலாது. ஆகவே படம் முதன்முறையாகத் திக்கிய பிறகு நகல் எடுக்கலாம் என்று காத்திருப்பவர், சில கட்டங்கள் ஏற்கெனவே போய்விட்ட தட்டையே கையில் எடுக்கிறார்.

நகல் எடுப்பதில் பெரிய வேலை எழுதுவதன்று, படிப்பதே. கோப்புறையைத் திறந்து கோப்புகளை இழுத்துப் போடும் முறை நல்ல தட்டுக்குப் போதுமானது; பழுதான தட்டில் முதல் தடங்கல் வந்தவுடன் கணினி பிழை காட்டி நின்றுவிடும். அதைவிட, தட்டின் முதல் பிரிவு தொடங்கிக் கடைசிப் பிரிவு வரை உள்ளதை உள்ளபடி ஒரே கோப்பாக எடுத்துவைப்பது மேல். ஐஎஸ்ஓ எனப்படும் இந்த முழுப் படிமத்தில், படத்தைத் தாங்கும் விஓபி கோப்புகளோடு, அத்தியாயங்களையும் முகப்புப் பட்டியலையும் ஆளும் ஐஎஃப்ஓ கோப்புகளும், அவற்றின் மறுபிரதியான பியுபி கோப்புகளும் ஒன்றும் விடாமல் வந்துவிடுகின்றன. (டிவிடியை வடிவமைத்தவர்களே தட்டுக்குள் ஒரு மறுபிரதியை வைத்தார்கள் என்பது, தட்டின் மேல் அவர்களுக்கு இருந்த நம்பிக்கை அளவானது என்பதைக் காட்டுகிறது.)

படிக்கும் முன் தட்டை மென்மையான பருத்தித் துணியால் நடுத்துளையிலிருந்து விளிம்பு நோக்கி நேர்க்கோட்டில் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்தால் ஏற்படக்கூடிய கீறல் தடத்தோடு சேர்ந்து ஓடி ஒரே கட்டத்தின் பல வரிசைகளை அழிக்கும். குறுக்குக் கீறலோ ஒவ்வொரு சுற்றிலும் சிறு துண்டை மட்டுமே மறைப்பதால் பிழைதிருத்தத்துக்கு அடங்கிவிடும். துடைத்த பிறகும் படிக்க மறுக்கும் தட்டுக்கு ஜிஎன்யு திட்டத்தைச் சேர்ந்த டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருள் பெரிதும் உதவுகிறது. அது முதல் சுற்றில் எளிதாகப் படிக்க வருவனவற்றை எல்லாம் எடுத்துக்கொண்டு, முரண்டு பிடிக்கும் இடங்களை ஒதுக்கி வைத்து, பின்வரும் சுற்றுகளில் அவற்றைச் சிறு துண்டுகளாகவும் எதிர்த்திசையிலிருந்தும் முயன்று, எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்பதைத் தனி வரைபடக் கோப்பில் குறித்துக்கொண்டே போகிறது. லேசரின் வலிமையும் தடத்தைப் பின்தொடரும் திறனும் ரைட்டருக்கு ரைட்டர் மாறுபடுவதால், ஒன்று கைவிட்ட பிரிவுகளை இன்னொன்று படித்துவிடுவதுண்டு. அதே வரைபடக் கோப்பைக் கொடுத்துத் தட்டை வேறொரு ரைட்டரில் போட்டால் விடுபட்ட இடங்களை மட்டும் மென்பொருள் தேடிச் செல்லும்.

இவ்வாறு எடுத்த படிமம் மூலத்துக்குப் பிட்டுக்குப் பிட்டு நிகரானது. அதில் தரம் குறைவு, கூடுதல் என்ற பேச்சுக்கே இடமில்லை. தரம் குறைவது, நகலைச் சிறிதாக்க முற்படும்போதுதான். இரட்டை அடுக்கு டிவிடியின் 8.5 ஜிகாபைட் தரவை 4.7 ஜிகாபைட் வெற்றுத் தட்டில் அடைக்க வேண்டியிருந்த 2000-களின் முற்பகுதியில், டிவிடி ஷ்ரிங்க் போன்ற மென்பொருள்கள் அந்த வேலையால் புகழ் பெற்றன. டிவிடியின் படம் எம்பெக்-2 என்ற முறையில் ஏற்கெனவே சுருக்கப்பட்டது: 720-க்கு 576 புள்ளிகள் கொண்ட, விநாடிக்கு 25 சட்டங்கள் உள்ள படத்தைச் சுருக்காமல் வைத்தால் விநாடிக்கு 124 மெகாபிட் தேவைப்பட, டிவிடி அதை 5 மெகாபிட் அளவில் முடித்துக்கொள்கிறது. படத்தை 8-க்கு 8 புள்ளிகள் கொண்ட சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் மென்மையான மாற்றம், நுணுக்கமான மாற்றம் என அதிர்வெண் கூறுகளாகப் பிரித்து, கண்ணுக்கு அதிகம் புலப்படாத நுண்கூறுகளின் மதிப்பைத் தோராயமாக்குவதே இதன் அடிப்படை. ஷ்ரிங்க் வகை மென்பொருள், அந்தத் தோராயத்தின் மேல் இன்னொரு தோராயத்தை ஏற்றியது. சட்டங்களுக்கிடையே அசைவைக் குறிக்கும் பழைய கணக்கை அப்படியே வைத்துக்கொண்டதால் அது விரைவாக முடிந்தது, ஆனால் ஒரு சட்டத்தில் நேர்ந்த பிழை அதைச் சார்ந்த அடுத்தடுத்த சட்டங்களுக்கும் பரவி, முழுமையான புதிய சட்டம் வரும் வரை கூடிக்கொண்டே போனது. பட்டுப் புடவையின் சரிகையிலும், அக்னியின் புகையிலும், மண்டபத்து மின்விளக்குத் தொடர்களிலும் கட்டம் கட்டமாகத் தெரியும் சிதைவு இதன் விளைவே. மூன்று மணி நேரத் திருமணத்தை ஒரே தட்டில் அடைத்த ஸ்டுடியோப் பதிவுக்கு விநாடிக்கு 3.5 மெகாபிட்தான் வாய்த்திருக்கும் என்பதால், அதை மீண்டும் சுருக்குவது ஏற்கெனவே இளைத்ததை மேலும் இளைக்கச் செய்வதாகும்.

வெற்றுத் தட்டின் கொள்ளளவு விதித்த அந்தக் கட்டாயம் இன்று இல்லை. ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க்கில் ஒற்றை அடுக்கு டிவிடிப் படிமங்கள் 200-க்கு மேல் அடங்கும்போது, இடத்தை மிச்சப்படுத்தத் தரத்தைக் குறைப்பதற்கு நியாயம் கிடையாது என்றே சொல்ல வேண்டும். கைபேசியில் பார்க்கவும் உறவினருக்கு அனுப்பவும் சிறிய கோப்பு தேவை எனில், முழுப் படிமத்தைப் பத்திரப்படுத்திய பிறகு அதிலிருந்து ஹேண்ட்பிரேக் போன்ற மென்பொருளால் தனிப் பிரதி செய்துகொள்ளலாம். அப்போது கவனிக்க வேண்டியது பின்னல் வரிமுறை: அக்கால வீடியோ கேமராக்கள் ஒரு சட்டத்தை முழுதாகப் பதியாமல், ஒற்றைப்படை வரிகளை ஒரு கணத்திலும் இரட்டைப்படை வரிகளை 50-இல் ஒரு விநாடி கழித்தும் பதிந்தன, இரண்டையும் அப்படியே சேர்த்துக் காட்டினால் அசையும் கையின் ஓரத்தில் சீப்புப் பல் போன்ற கோடுகள் தோன்றும். அரைச்சட்டம் ஒவ்வொன்றையும் முழுச் சட்டமாக்கி விநாடிக்கு 50 சட்டங்களாக விரிப்பதே அசைவின் இயல்பைக் காக்கும் வழி. 25 சட்டங்களாகக் குறைக்கும் பழக்கம் நாட்டியப் பதிவுகளின் அசைவில் பாதியைத் தூக்கியெறிகிறது.

மீண்டும் தட்டிலேயே எழுதி வைக்க விரும்புவோர், தட்டு தாங்கும் உச்ச வேகத்தைத் தவிர்த்து நடுத்தர வேகத்தில் எழுதுவதும், காகித லேபிளை ஒட்டாமல் விடுவதும் நல்லது. ஒட்டிய லேபிள் சுழற்சியின் சமநிலையைக் கெடுக்கும். சாயத்துக்குப் பதிலாகக் கனிமப் பொருளாலான அடுக்கைக் கொண்ட எம்-டிஸ்க் போன்ற தட்டுகளும் உண்டு, விலைதான் அதிகம்.

விலைக்கு வாங்கிய திரைப்பட டிவிடியின் நிலை வேறு. அவற்றில் பல சிஎஸ்எஸ் என்னும் மறையாக்கத்தால் பூட்டப்பட்டவை. திறவுகோல்கள் தட்டின் தொடக்கப் பகுதியில் இருக்கின்றன, சாதாரண வெற்றுத் தட்டுகளில் அப்பகுதி எழுத முடியாதபடி விடப்பட்டிருப்பதால் வெறும் பிட் நகல் ஓடாது. 40 பிட் நீளமே கொண்ட அந்தப் பூட்டு 1999-லேயே உடைக்கப்பட்டது என்றாலும், தொழில்நுட்பம் அனுமதிப்பதைச் சட்டமும் அனுமதிக்கிறது என்று கொள்ள முடியாது. 2014-இல் சொந்த உபயோக நகலை அனுமதித்த பிரிட்டன், அடுத்த ஆண்டே நீதிமன்றத் தீர்ப்பால் அதைத் திரும்பப் பெற நேர்ந்தது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பதை இரண்டு ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கியுள்ளது. சொந்த உபயோகத்துக்கான நியாயமான கையாளுகையை 52-ஆம் பிரிவு தனியே அனுமதிக்கிறது. குடும்பப் பதிவுகளில் மறையாக்கச் சிக்கல் பொதுவாக எழுவதே இல்லை.

எடுத்த படிமத்தைக் குறைந்தது இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் வைத்து, அவற்றில் ஒன்றை வேறொரு வீட்டில் வைப்பதோடு, எஸ்எச்ஏ-256 போன்ற முறையால் அதற்கு ஒரு சரிபார்ப்பு எண்ணையும் கணக்கிட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் 64 எழுத்து நீளமுள்ள அந்த எண் முற்றிலும் வேறாகிவிடும் என்பதால், ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை அதை மறுபடி கணக்கிட்டு ஒப்பிடுவதே ஹார்ட் டிஸ்க்கில் இருப்பது கெட்டதா இல்லையா என்பதைச் சொல்லிவிடும். முழுதாக மீளாத தட்டுகளின் வரைபடக் கோப்புகளையும் படிமத்தின் அருகிலேயே வைத்திருப்பது பயன் தரும். ஸ்டுடியோக்கள் பெரும்பாலும் ஒரே படிமத்திலிருந்து மணமகன் வீட்டுக்கு ஒன்றும் மணமகள் வீட்டுக்கு ஒன்றுமாகத் தட்டுகளை எழுதித் தந்திருப்பதால், சம்பந்தி வீட்டுத் தட்டு பின்னொரு நாள் கிடைத்தாலும், அதிலும் சில இடங்கள் பழுதாகியிருந்தாலும், இரண்டும் ஒரே இடத்தில் பழுதாகியிராத வரை விடுபட்ட பிரிவுகளை அதிலிருந்து எடுத்துப் பழைய படிமத்தை நிறைவு செய்துகொள்ள முடியும்.