மலிவுக் கடையும் மதிப்புக் கடையும்

சில ஆண்டுகளுக்கு முன்னர், விடுமுறையில் சென்ற பங்குத்தந்தை ஒருவருக்குப் பதிலாக ஜெர்மனி நாட்டின் ரூர் பகுதியில் சில வாரங்கள் பணியாற்றும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. இலங்கையினின்று சென்று அங்கே குடியேறிய தமிழ்க் குடும்பம் ஒன்று நம்மை விருந்துக்கு அழைத்திருந்தது. கணவர் தொழிற்சாலை ஊழியர். மனைவி மருத்துவமனையொன்றில் துப்புரவுப் பணி புரிபவர். அந்த அம்மையார் கடைக்குச் சென்று திரும்பியபோது, அவர் கையிலிருந்த பையில் உயர்தரப் பல்பொருள் அங்காடி ஒன்றின் பெயர் பொறிக்கப்பட்டிருந்தது. ஆனால் உள்ளிருந்து அவர் எடுத்து வைத்த மா, எண்ணெய், பால், வெண்ணெய் யாவும் மலிவுவிலைக் கடையின் சரக்குகள்!

நாம் அதைக் கவனித்துவிட்டதை உணர்ந்து அவர் நாணினார். "பிழையா நினைக்காதேங்கோ சுவாமி. மலிவுக் கடைப் பையோட போனா எங்கட ஆக்கள் ஒரு மாதிரிப் பாப்பினம்" என்றார்.

"மலிவுச் சாமான் திண்டு பிள்ளையளுக்கு ஏதும் வந்தா என்ன செய்யிறது?" என்று கணவர் குறுக்கிட்டார்.

மாதந்தோறும் அவ்வில்லத்தில் எழும் வழக்கு இது எனப் பின்னர் அறிந்தோம். மூத்த மகள் வெளியூரில் தங்கிப் படிப்பதற்கென அந்த அம்மையார் சேர்த்துவந்த பணமெல்லாம் இவ்வாறு மிச்சம் பிடித்ததே. ஆகவே வழக்கைத் தள்ளிவிடாமல் ஆராயலானோம். மலிவான பொருள் தரங்குறைந்ததுதானா? கூடுதல் விலைக்குக் கிடைக்கும் கூடுதல் நன்மை யாது?

மலிவு பிறந்த வகை

மலிவுவிலை அங்காடியின் பிறப்பிடமே அந்த ரூர் பகுதிதான். எஸ்ஸன் நகரில் 1913-ஆம் ஆண்டு அன்னா ஆல்பிரெக்ட் என்னும் அம்மையார் சிறு மளிகைக் கடை ஒன்றைத் திறந்தார். இரண்டாம் உலகப் போருக்குப்பின் அவருடைய புதல்வர்கள் கார்ல், தியோ இருவரும் அதனை ஏற்று நடத்தினர். பிற கடைகள் வாடிக்கையாளருக்குக் கழிவு வில்லைகளைக் கொடுத்து, அவற்றைச் சேர்த்து வந்தால் பணம் திருப்பித் தந்த காலம் அது. சகோதரரோ சட்டம் அனுமதித்த 3 விழுக்காட்டுக் கழிவை விலையிலேயே முன்கூட்டிக் குறைத்துவிட்டனர். 'ஆல்பிரெக்ட் டிஸ்கவுண்ட்' என்பதன் சுருக்கமே இன்றைய 'ஆல்டி' என்ற பெயர்.

அவர்களது முறை எளியது. பெரிய அங்காடியில் 20,000-க்கும் மேற்பட்ட பொருள்வகைகள் இருக்கும். மலிவுக் கடையில் ஏறத்தாழ 1,500 முதல் 2,000 வரைதான். பத்து வகைச் சர்க்கரைப் பாகுக்குப் பதிலாக ஒன்றோ இரண்டோ இருக்கும். ஒரே வகையைப் பெருமளவில் வாங்குவதால் கொள்முதல் விலை குறைகிறது. வந்த அட்டைப் பெட்டியிலேயே சரக்கு அடுக்கப்படுகிறது. விலைக்குறியீட்டுக் கோடுகள் பொட்டலத்தின் பல பக்கங்களிலும் அச்சிடப்படுவதால் பணம் செலுத்துமிடத்தில் நேரம் மிஞ்சுகிறது. பெரும்பாலானவை கடையின் சொந்தப் பெயரில் வருவதால் விளம்பரச் செலவும் குறைவு. ஆக, மலிவின் பெரும்பகுதி பொருளின் உள்ளே குறைத்ததனால் வந்ததன்று. பொருளைச் சூழ்ந்த ஆடம்பரத்தைக் குறைத்ததனால் வந்தது.

தரத்தை அளப்பது எப்படி?

ஜெர்மானியப் பாராளுமன்றத்தின் முடிவால் 1964-ஆம் ஆண்டு 'ஸ்டிஃப்டுங் வாரன்டெஸ்ட்' என்னும் சோதனை நிறுவனம் தோன்றியது. அது வாடிக்கையாளர் போலவே கடைகளில் பொருளை வாங்கி, ஆய்வுக்கூடங்களில் சோதித்து, பள்ளிப் பிள்ளைகளுக்கு இடுவதுபோல் மதிப்பெண் இடுகிறது. தன் இதழில் விளம்பரம் ஏற்பதில்லை. புகழ்பெற்ற விலையுயர்ந்த பெயர்களுக்கு மலிவுக் கடைச் சரக்குகள் பொதுவாகத் தரத்தில் இளைத்தவையல்ல என்பதை அதன் சோதனைகள் பலமுறை காட்டியுள்ளன. அதற்காக மலிவான யாவும் நன்று எனவும் கொள்ளலாகாது. பொருளுக்குப் பொருள் மதிப்பெண் வேறுபடும்.

இல்லத்திலேயே செய்யத்தக்க சோதனையும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2004 முதல் கடையில் விற்கும் கோழிமுட்டையின் ஓட்டில் குறியீடு பொறிக்கப்படல் வேண்டும். அதன் முதல் எண் கோழி வளர்ந்த முறையைச் சொல்லும்: 0 என்றால் இயற்கை வேளாண்மை, 1 என்றால் வெளியே மேயவிட்டது, 2 என்றால் கொட்டகை, 3 என்றால் கூண்டு. கணவர் மதிப்புக் கடையில் வாங்கியிருந்த முட்டைகளையும் மனைவி மலிவுக் கடையில் வாங்கியவற்றையும் மேசைமேல் வைத்துப் பார்த்தோம். இரண்டும் 2-இல் தொடங்கின! கணவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

கூடுதல் விலையின் பயன்

எனினும் மதிப்புக் கடையை வீணென ஒதுக்குதல் நேர்மையன்று. இறைச்சியையும் பாலாடைக்கட்டியையும் கேட்ட அளவில் வெட்டித் தரும் பணியாளர் அங்கே உண்டு. தனித்து வாழும் முதியவர் ஒருவருக்கு நூறு கிராம் போதும். மலிவுக் கடையின் பெரிய பொட்டலம் அவருக்கு மிச்சமன்று, வீண். அரிய நறுமணப் பொருள்கள், சிறப்பு உணவுமுறை கடைப்பிடிப்போருக்கு வேண்டியவை, அண்டை ஊர் உழவரின் விளைச்சல் ஆகியனவும் அங்கேதான் மிகுதி.

வேறொரு செய்தியும் அறியத்தக்கது. மதிப்புக் கடைகளும் மலிவான சொந்தப் பெயர்ச் சரக்கை வைத்திருக்கின்றன. 'ரேவே' அங்காடிகள் 1982 முதல் 'யா!' என்ற பெயரில் அவ்வாறு விற்கின்றன. அவற்றின் விலை பெரும்பாலும் மலிவுக் கடை விலையை ஒட்டியே இருக்கும். ஆனால் கண்ணுக்கு நேரான தட்டில் விலையுயர்ந்தது இருக்க, இவை பெரும்பாலும் கீழ்த்தட்டில் இருக்கும். குனியத் தெரிந்தவருக்கே அவை கிட்டும்.

மலிவுக் கடையிலும் கண்ணி உண்டு. பால் வாங்கச் சென்றவரை, அந்த வாரம் மட்டும் விற்கப்படும் தோட்டக் கருவியும் காலணியும் மடக்கிவிடும். தேவையற்ற பொருள் எவ்வளவு மலிவாயினும் நட்டமே.

மலிவின் சுமை யாருக்கு?

2008-ஆம் ஆண்டு மே மாத இறுதியில், கிடைக்கும் விலை கட்டுப்படியாகாது என ஜெர்மானியப் பால் உற்பத்தியாளர் பலர் ஆலைகளுக்குப் பால் கொடுக்க மறுத்துப் போராடினர். நம் சட்டைப்பையில் மிஞ்சும் காசு சிலவேளை உழவர் பையில் குறைந்த காசாக இருக்கலாம். இக்குறை மலிவுக் கடைக்கு மட்டும் உரியதன்று. மதிப்புக் கடையின் உயர்ந்த விலையும் தானாக உழவரைச் சென்றடைவதில்லை. வாழைப்பழம், காப்பி போன்றவற்றில் நியாய வணிக முத்திரையைப் பார்த்து வாங்குதல் ஒரு வழி. அது இருவகைக் கடைகளிலும் கிடைக்கிறது.

விடைபெறுமுன் அவ்விருவரும் ஒரு முடிவுக்கு வந்தனர். மா, சர்க்கரை, எண்ணெய், பால் மலிவுக் கடையில். பண்டிகை நாள் இறைச்சி மதிப்புக் கடையில். எங்கே சென்றாலும் கையில் எழுதிய பட்டியல். பொட்டல விலையை விட்டு, தட்டின் சீட்டில் சிறிய எழுத்தில் உள்ள ஒரு கிலோவுக்கான விலையைப் பார்த்தல். மிச்சம் மகளின் கணக்கில் சேரும்.

நம்மை வழியனுப்ப வந்த நாளில் அந்த அம்மையார் நமக்கென இனிப்புகள் கொண்டுவந்தார். பை, மலிவுக் கடையின் பைதான். பெயர் வெளியே தெரியும்படியே பிடித்திருந்தார். சிக்கனம் மறைக்கவேண்டிய குற்றமன்று, அன்பர்களே. பொருளை எடை போடுவோம். பையை எடை போடாதிருப்போமாக.